நேர்ந்த சேவலும் உன்ர வைரசும்

தம்பி,

இஞ்சை எல்லாரும் சுகம் மோனே, உன்ர சுகத்துக்குக் கடவுளை வேண்டுறன் எண்டு துவங்கத்தான் குந்தினனான். பிறகு பாத்தால் அது முழுப் பொய். வளவில ஒரு கோழி மிஞ்சேல்லை, கொப்பர் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை, நான் போன் அடிச்சால் நீ எடுக்கிறாயில்லை. இதில எங்கையடா சுகம்? நீ கொழும்பில கூட்டாளியின்ர அறையில நிக்கிறாய், இன்னும் கொஞ்ச நாளில ஜேர்மனிக்குப் பிளேன் ஏறப் போறாய் எண்டது மட்டும் கொப்பர் முந்திச் சொல்லித் தெரியும். இதை உனக்குத் தனிய அனுப்பியிருக்கலாம். ஆனால் ஊர் கேக்கத்தானே உன்னைச் சந்தேகப்பட்டது, ஊர் பாக்கத்தானே நானும் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். அதனால எங்கட மாதர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலயும் இதைப் போடப் போறன். துணுக்காய் ஊர் முழுக்க வாசிச்சாலும் எனக்குக் காரியமில்லை.

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். உன்ர படிப்பு எனக்கு இன்னும் விளங்கேல்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினனான், அது உனக்கும் தெரியும். நீ போனாப் பிறகு அதைத் திருப்பித் திருப்பி யோசிச்சுப் பாக்கிறன். ஒரு பக்கம் பிடிபட்டால் மற்றப் பக்கம் நழுவுது. தேங்காய் துருவேக்கையும் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது, கோயிலில கும்பிடேக்கையும் அதுதான் ஓடுது. முருகா, இந்தப் புரதம் ஆரின்ர பக்கம் எண்டு கேட்ட முதல் ஆள் நானாத்தான் இருப்பன்.

நீ இந்தமுறை கண்டிக் கம்பசிலயிருந்து வரேக்கை, ஐஸ் கரையாமல் வைக்கிற ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி கொண்டு வந்தனீ. உள்ளுக்கு ஐஸ், அதுக்கு மேல ஸ்ரோபெரிப் பழம். ஜாம் போத்தலில படமாப் பாத்த பழத்தை அண்டைக்குத்தான் கையில எடுத்துப் பாத்தனான். வாயில வைச்சால் புளி. "இந்தப் புளிக்கோடா இவ்வளவு ஐஸ்?" எண்டு கேட்டன், நீ விழுந்து விழுந்து சிரிச்சாய். பிறகு குசினியில குந்தியிருந்து உன்ர வேலையைச் சொல்லத் துவங்கினாய். ஆரும் கேட்டால் "கோழி டொக்டருக்குப் படிக்கிறான்" எண்டுதான் நான் சொல்லுறனான். நீ "இல்லையம்மா, கோழிக்கு வாற வைரசின்ர மேல்சவ்வில இருக்கிற புரதத்தைப் பற்றித்தான் என்ர ஆராய்ச்சி" எண்டாய். புரதமெண்டால் பருப்பு, மீன், முட்டை எண்டு கிளினிக் மிஸ்ஸி சொல்லித் தந்ததுதான் எனக்குத் தெரியும். "வைரசும் பருப்புத் தின்னுதோ?" எண்டு கேட்டன். நீ சிரிக்கேல்லை, பொறுமையாச் சொன்னாய். அந்தப் பொறுமை உனக்கு என்னட்டையிருந்து வரேல்லை.

நான் விளங்கின மாதிரி எழுதிறன், பிழையெண்டால் சிரி. அந்த வைரசுக்கெண்டு ஒரு அடுப்புமில்லை, சட்டி பானையுமில்லை. தானாப் பெருகத் தெரியாது. கோழியின்ர உடம்பில உள்ள ஏதோவொரு கலத்துக்குள்ள பூந்து, அந்த வீட்டு அடுப்பில, அந்த வீட்டு அரிசியில தன்ர பிள்ளையளைப் பெருக்கவேணும். பூருறதுக்கு அதின்ர மேல்தோலில ரெண்டு விதமான புரதம் முள்ளு முள்ளா நீட்டிக்கொண்டு நிக்குது. ஒண்டு போய்க் கலத்தின்ர சுவரைப் பிடிக்கும். மற்றது வைரசின்ர தோலையும் கலத்தின்ர தோலையும் ஒட்டவைக்கும், ரசத்தில ரெண்டு எண்ணெய்த்துளி ஒண்டாச் சேருற மாதிரி. சேர்ந்தால் பிறகென்ன, வைரசுக்குள்ள இருந்த சாமான் நேரே வீட்டுக்குள்ள. பெருகி முடிஞ்சு வெளிக்கிடேக்கை, புதுசாச் செய்த முள்ளுகளை அந்தக் கலத்தின்ர சுவரிலயே குத்தி வைச்சு, அந்தச் சுவரில ஒரு துண்டைக் கிள்ளிப் போர்த்துக்கொண்டு போகுமாம். கோழியின்ர தோலைப் போர்த்துக்கொண்டு கோழியைக் கொல்லப் போகுது. "எட, அறுந்த கள்ளா!" எண்டு துருவலையில இருந்தபடி நான் ஏசினது உனக்கு ஞாபகமிருக்கும்.

இதில எனக்குப் பெரிய குழப்பம் என்னெண்டால், பிடிக்கிற புரதம்தானாம் விடுறதும். பிள்ளையள் வெளிய வந்தாப் பிறகு சுவரில ஒட்டிக்கிடக்காமல் பிடியை வெட்டி விடுறதும் அதுதானாம். பிடிக்கிறதெண்டால் பிடிக்கோணும், விடுறதெண்டால் விடோணும், ரெண்டையும் ஒண்டே எப்பிடியடா செய்யும்? நான் இதைக் கேக்க, "விடத் தெரியாட்டில் பிள்ளையள் வாசலிலயே ஒட்டிக்கிடந்து வீணாப் போயிடும் அம்மா" எண்டு என்னையே பாத்துக்கொண்டு சொன்னாய். "என்னைச் சாட்டியோ சொல்லுறாய்?" எண்டு அகப்பைக் காம்பால ஒண்டு போட்டன். வெளியில கொப்பர் சைக்கிளுக்குக் காத்தடிச்சபடி சிரிச்சது எனக்குக் கேட்டது. அதுதான் இந்த வீட்டில நாங்கள் மூண்டு பேரும் ஒண்டாச் சிரிச்ச கடைசி நாள்.

பிறகு நடந்ததுக்கெல்லாம் என்ர வாய்தான் காரணம். நீங்கள் அந்த வைரசை வளர்க்கிறது குஞ்சு வளர்ற முட்டைக்குள்ள வைச்சுத்தான் எண்டு நீ பேச்சோடை பேச்சாச் சொன்னனீ. எனக்கு அது பெரிய அதிசயமாப் போச்சு. அண்டு பின்னேரமே வேலிக்கு அங்கால நிண்ட பரமேசு அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, என்ர மோன் முட்டைக்குள்ள வைரசு வளர்க்கிறானாம், அதுக்குத்தான் ஜேர்மன்காரன் கூப்பிட்டிருக்கிறான்" எண்டு பெருமையடிச்சன். பரமேசு அக்கா உன்னைக் குழந்தையில மடியில வைச்சுச் சோறு தீத்தின மனிசி. அவா வாயில கையை வைச்சு "எட கடவுளே" எண்டா. மெச்சுறா எண்டுதான் நான் நினைச்சன்.

ஒரு கிழமை திரும்பமுந்தி எங்கட சாம்பல் பேட்டுக்கோழி செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில நிண்டுது. அடுத்தடுத்து மற்றதுகளும். பச்சையாக் கழிச்சுது, கழுத்தைத் திருகி வானத்தைப் பாத்தபடி சுத்திச் சுத்தி விழுந்துது. பரமேசு அக்கா வீட்டிலயும் விழத் துவங்கிச்சுது. அவாவின்ர சீவியமே அந்த முட்டையளிலதான், அதையும் நான் சொல்லத்தான் வேணும். செத்த கோழியொண்டைக் காலில பிடிச்சுக்கொண்டு வேலியடிக்கு வந்தா. பின்னால இன்னும் நாலைஞ்சு சனம்.

"பெட்டியில என்னடி கொண்டந்தவன்?" எண்டு கேட்டா.

"பழமக்கா, ஸ்ரோபெரிப் பழம்."

"பழத்துக்கு ஆரும் உவ்வளவு ஐஸ் போடுவினமோ?"

அதே கேள்வியை நானும் கேட்டனான், சிரிச்சுக்கொண்டு. அவா சிரிக்காமல் கேட்டா. நீ வாசலில நிண்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தாய். "என்ர பிள்ளை அப்பிடிப்பட்டவனில்லை, போங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். எந்தச் சண்டைக்கும் முன்னுக்கு நிக்கிற வாய், அண்டைக்கு ஒட்டினது ஒட்டினதுதான். ஏனெண்டு இப்பவும் எனக்குத் தெரியேல்லை. உண்மையா எனக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துதோ, இல்லாட்டில் பயத்தில வாய் வரேல்லையோ, எவ்வளவு யோசிச்சாலும் பிரிச்சுப் பாக்க முடியேல்லை.

நீ கோவிக்கேல்லை. உடன செத்த ரெண்டு பேட்டைப் பொலித்தீன் பையில சுத்தி, அந்தப் பெட்டியிலயே புது ஐஸ் வாங்கிப் போட்டு வைச்சாய், விடிய மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போறதெண்டு. அப்ப ஒரு விளக்கம் சொன்னாய். ஒட்டவைக்கிற புரதம் பிறக்கேக்கை பூட்டினபடிதானாம் இருக்கும். அதை ஒரு குறிச்ச இடத்தில வெட்டினால்தான் வேலை செய்யும். வெட்டுற கத்தி வைரசிட்டை இல்லை, கோழியின்ர உடம்பிலதான் கிடக்கு. இதென்ன அநியாயமடா, கோழி தானே கத்தியையும் குடுக்குதோ! நீங்கள் வளர்க்கிறது சாதுவான சாதியாம், தடுப்பு மருந்துக்குப் பாவிக்கிற மாதிரி. அதை வெட்டுற கத்தி மூச்சுக்குழாயிலயும் குடலிலயும்தான் இருக்கிறபடியால் வருத்தம் அந்தளவில நிண்டிடும். கொல்லுற சாதிக்கு அந்த வெட்டுற இடம் வேறை மாதிரி, அதை வெட்டுற கத்தி உடம்பு முழுக்கக் கிடக்கு. அதனாலதான் மூளைவரைக்கும் ஏறிக் கழுத்தைத் திருகுது. "அந்த ஒரு இடத்தை வாசிச்சாலே இது எங்கட ஆய்வுகூடத்துச் சாமானில்லையெண்டு தெரிஞ்சிடும் அம்மா. நான் வாயால ஒண்டும் சொல்லத் தேவையில்லை" எண்டாய்.

நீ நிம்மதியாப் போய்ப் படுத்தாய். எனக்கு "வாசிச்சால் தெரிஞ்சிடும்" எண்டது மட்டும்தான் காதில நிண்டுது. வாசிக்கிறவன் பிழையா வாசிச்சால்? உன்ர பேர் வந்தால்? படிப்பும் போய், பயணமும் போய், மறியலுக்குள்ள கிடக்கிறதும் எண்டால் நான் என்ன செய்வன்? எங்கட சனத்துக்கு விசாரணை எண்டால் என்னெண்டு உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நீ சின்னனா இருக்கேக்கை, ஆமி தேட வருதெண்டு வீட்டில கிடந்த படங்களையும் கடுதாசியளையும் ஒரு விடியக்காலமை அடுப்பில போட்டு எரிச்சனான். அதில உன்ர மாமன்ர கலியாணப் படமும் போச்சு. அதில பிழையா ஒண்டுமில்லை, ஆனால் ஆர் என்னத்தைப் பிழையெண்டு சொல்லுவினம் எண்டு அப்ப எங்களுக்குத் தெரியாது. இருக்கிறதை எரி, கேட்டால் தெரியாதெண்டு சொல்லு. அப்பிடித்தான் இந்தக் கையள் பழகினது. அதே கை நீ எழும்பமுந்தி பெட்டியைத் திறந்து, ரெண்டு பேட்டையும் எடுத்துக் கொண்டுபோய்ப் பொச்சுமட்டை போட்டு மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சுப்போட்டுது.

நீ பல்லு விளக்கிக்கொண்டு வந்து புகையைப் பாத்தாய்.

"ஏனம்மா?"

"உனக்காகத்தான்ரா. இனி ஆரும் ஒண்டும் கேக்கேலாது."

"அப்ப நான்தான் கொண்டு வந்தனானெண்டு நீங்களே நினைச்சிட்டியள்."

"அப்பிடியில்லை ராசா..."

"இல்லாட்டில் ஏன் எரிச்சனீங்கள்?"

என்னட்டை இருந்ததெல்லாம் பயம், அதை மறுமொழியெண்டு சொல்லேலாதே. அடுத்தநாள் நீ வெளிக்கிட்டாய். நான் கட்டி வைச்ச புட்டுப் பார்சல் மேசையில கிடந்துது. கொப்பரின்ர மோட்டச்சைக்கிளில ஏறிக்கொண்டு "போறன்" எண்டாய். எங்கட வீட்டில ஆரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லிப் பழக்கினனான். நீ தெரிஞ்சுதான் சொன்னாய். நான் படலையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் நிண்டன், பிறகு கதவைச் சாத்திப்போட்டுக் குளறி அழுதன்.

அதுக்குப் பிறகுதான் மூளை வேலை செய்யத் துவங்கிச்சு. கோழியள் விழமுந்தி, உன்னை வழியனுப்ப எண்டு எத்தினை சனம் வந்தது! வெளிநாடு போற பிள்ளைக்கு ஊர்க்கோழிக் கறி குடுக்கோணுமெண்டு உயிர்க்கோழியைக் காலில கட்டிக்கொண்டுதானே எங்கட ஆக்கள் வருவினம். ஒண்டு நாயாற்றிலயிருந்து வந்துது, ஒண்டு ஜெயபுரத்து மாமி கொண்டந்தவா, பரமேசு அக்காவும் தன்ர தங்கச்சி வீட்டுப் பேடொண்டு தந்தவா. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டில மச்சம் சமைக்கிறேல்லை. நான் எல்லாத்தையும் அவிட்டு எங்கட கோழியளோடை விட்டனான். அதில ஒண்டு தூங்கித் தூங்கி நிண்டது எனக்கு நல்ல ஞாபகம், பயணக்களை எண்டு நினைச்சன். அப்ப வருத்தம் கொண்டந்தது அதுவோ? முட்டை ஏத்த வாற வான் வண்டியில கிடக்கிற முட்டை மட்டையளோ? காகமோ? ஆரைக் குற்றம் சொல்லுறது? உன்னில இருந்த அன்பாலதான் அந்தச் சனம் கோழி கொண்டு வந்தது. எனக்கு ஒரு இழவும் விளங்கேல்லை தம்பி. உன்ர கதிரையில இருந்து பாக்கிறவைக்கு இது சின்ன விசயமா இருக்கும். எனக்கு எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு சிக்குப்பட்டுப் போய்க் கிடக்கு.

இதுக்குள்ள உனக்குப் புத்தி சொல்லவும் வேணுமெல்லே, தாயெண்டால் சும்மா விடுவாளோ. அங்கை குளிருக்குக் காதை மூடு. படிக்கிற மும்முரத்தில சாப்பிடாமல் கிடவாதை. உன்ர வேலையை உன்ர வாயாலயே சொல்லு, என்னை மாதிரி அரைகுறையா விளங்கின ஆளைச் சொல்ல விடாதை. ஆரும் உன்னைப் பிழையா நினைச்சால், அவையின்ர பயத்தையும் ஒருக்கா யோசிச்சுப் பார், ஆனால் அதுக்காக நீ குனிஞ்சு குடுக்காதை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அதை ஊர் ஒரு சொல்லுச் சொன்னால், முதல்ல வாயைத் திற. சரி பிழையைப் பிறகு பாக்கலாம்.

இப்ப சேவலின்ர கதைக்கு வாறன். உனக்கு ஜேர்மனி சரிவந்த அண்டைக்கு நான் முருகனுக்கு நேர்ந்து காலில மஞ்சள் துணி கட்டி விட்ட செஞ்சேவல். நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்தாப் பிறகு கோயிலில கொண்டுபோய் விடுறதெண்டு நேத்தி. அதில கத்தி படப்படாது. மற்றதெல்லாம் விழ, அது மட்டும் தனிய முருங்கை மரத்தில ஏறிக் கூவிக்கொண்டு திரிஞ்சுது. போன செவ்வாய் அதுவும் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்துது. நான் கிட்டப் போக என்ர காலடியில சீவன் போச்சு.

கொப்பர் மண்வெட்டியை எடுத்தார், மஞ்சள் தெளிச்சு மரியாதையாத் தாட்டுவிடுவமெண்டு. நான் உன்ர பெட்டியைக் கழுவி வெயிலில வைச்சிருந்தனான், அதைத் தூக்கிக்கொண்டு வந்தன். அவருக்கு விளங்கிப்போச்சு.

"உனக்கென்ன விசரே? நேர்ந்தது அவன்ர பயணத்துக்கு. அதை அறுக்கக் குடுத்து அவன்ர பயணத்தைக் கெடுக்கப் போறியோ?"

"நான் எரிச்சுப்போட்டன், அவனிட்டைக் காட்ட இனி இது ஒண்டுதான் இருக்கு" எண்டன்.

"முருகன் பொறுக்கமாட்டான்."

"முருகனுக்கு அவனைத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் போச்சு."

இதைச் சொன்னாப் பிறகு அவர் மண்வெட்டியைச் சாத்திப்போட்டு உள்ளுக்குப் போயிட்டார். அண்டையிலயிருந்துதான் அந்த மனிசன் கதைக்கிறேல்லை. நான் ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில ஏறினன். பரமேசு அக்காவும் அதே பஸ்ஸில. "என்னடி உதுக்குள்ள?" எண்டு கேட்டா. "செத்த சேவல், சோதிக்கக் குடுக்கப் போறன்" எண்டன், முழு பஸ்ஸும் கேக்க. அவா எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில குந்தினா. பிறகு, "அப்ப என்ர வீட்டிலயும் ஒண்டு இண்டைக்குச் செத்ததடி, அதையும் தரட்டே?" எண்டா. சந்தேகத்திலயோ, அனுதாபத்திலயோ தெரியேல்லை. எதெண்டாலும் நல்லதுதான்.

மிருக வைத்தியசாலையில இருந்த டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை, உன்ர வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்து காலில கிடந்த மஞ்சள் துணியைக் கண்டிட்டுக் கையை இழுத்துப்போட்டா. "அம்மா, இது நேர்ந்ததெல்லே? வெட்டிப் பாக்கவேண்டி வரும்" எண்டா. நான் அந்தத் துணியை என்ர கையாலயே அவிட்டு முந்தானையில முடிஞ்சுகொண்டு, "இப்ப வெட்டுங்கோ" எண்டன். அந்த ஒட்டவைக்கிற புரதத்தின்ர வெட்டுற இடத்தை வாசிக்கவேணும் பிள்ளை எண்டு நான் சொல்ல, அவா நிமிந்து பாத்தா. அது இஞ்சை செய்யேலாது, வவுனியாவுக்குப் போய் அங்கயிருந்தும் வேறை இடத்துக்குப் போகவேணும், கனநாள் எடுக்கும் எண்டு சொன்னா. பிறகு மெல்ல, "உங்கட மகன்ர கதை நானும் கேள்விப்பட்டனான். முடிவு அவருக்குப் பாதகமா வந்தால் என்னம்மா செய்வியள்?" எண்டு கேட்டா. "வரட்டும் பிள்ளை. இனி நான் ஒண்டையும் எரிக்கமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

முடிவு இன்னும் வரேல்லை. அதுதான் இண்டைக்கே எழுதிறன். அது வந்தாப் பிறகு எழுதினால், அந்தச் சோதனைக் கடுதாசியை நம்பினதாத்தான் போகும், உன்னை நம்பினதா இராது. பரமேசு அக்கா, மற்றச் சனங்கள், வாசிக்கிற எல்லாரும் கேளுங்கோ: என்ர பிள்ளை கொண்டு வரேல்லை. எப்பிடித் தெரியுமெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அண்டைக்கு வேலியடியில சொல்லவேண்டினதை இண்டைக்குச் சொல்லுறன், அவ்வளவுதான். நேத்தியைக் குழப்பின பயம் எனக்கு இருக்கு. மஞ்சள் துணி இன்னும் முந்தானையிலதான் கிடக்கு, அதை என்ன செய்யிறதெண்டும் தெரியேல்லை.

பிளேன் ஏறமுந்தி ஒருக்கா எடு ராசா. புரதத்தைப் பற்றி ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். கோவமெண்டால் கோவத்தோடையே எடு. "போட்டு வாறன் அம்மா" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வை.

அம்மா